மயில்நீல வண்டிக்கு மீசை பந்தயம்

எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். வாயைத் திறந்து நான் பட்டது போதும்.

என் பெயர் பஞ்சநதம். ஊர், வலங்கைமானுக்குப் பக்கம். சொந்தமாகக் கொஞ்சம் நிலம், குத்தகைக்குக் கொஞ்சம் நிலம். முழுக்க முழுக்க எனக்கே சொந்தம் என்று இருந்தது ஒரு மீசை. அதில் யாருக்கும் பங்கு கிடையாது, பட்டா மாற்ற வேண்டிய அவசியமும் கிடையாது. மூக்குக்குக் கீழே இரண்டு பக்கமும் வரப்புக் கட்டினாற்போல இருக்கும். அந்த மீசையைப் பார்த்துத்தான் என் மாமனார் பெண் கொடுத்தார் என்பது என் நம்பிக்கை. நிலத்தைப் பார்த்துக் கொடுத்தார் என்பது என் மனைவியின் கருத்து.

மனைவி பெயர் குந்தவை. பெயர் வைத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும். பெயரோடு சேர்த்துச் சோழர் காலத்து அதிகாரத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். குரலை உயர்த்தவே மாட்டாள். "சரிங்க" என்பாள். அவள் "சரிங்க" என்றால் நமக்கு ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

போன ஆவணி மாதம் பிக்கப் வண்டி ஒன்று வாங்குவது என்று முடிவானது. நெல் ஏற்றலாம், வைக்கோல் ஏற்றலாம், ஒழிந்த நேரத்தில் வாடகைக்கு விடலாம். எந்த வண்டி என்பதில்தான் சண்டை.

"குத்தாலத்து அத்தான் வாங்கின வண்டியே வாங்கிடுங்க" என்றாள். குத்தாலத்து அத்தான் என்பவர் அவள் அக்காள் புருஷன். எனக்குச் சகலை. எனக்கு முன்னால் எதையும் வாங்கிவிடுவது அவர் தொழில்.

"அவரு வாங்கினத நான் வாங்கணுமா?"

"வாங்கினதுலேர்ந்து ஒரு சத்தம் இல்லாம ஓடுதாம்."

"சத்தம் இல்லாம ஓடணும்னா சைக்கிள் வாங்கலாம்."

"அந்த வண்டியில என்ன குறைன்னு சொல்லுங்க பாப்போம்."

"அவரு வாங்கியிருக்காரே, அதான் குறை."

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. "சரிங்க. நீங்க பாத்து வச்சிருக்கிற வண்டியில நாளைக்கு ஒரு குறை வந்தா?"

அப்போது என் வாயில் சனி வந்து உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் மீசையை முறுக்கினேன்.

"இந்த வண்டியில குறைன்னு ஒரு வார்த்த என் வாயால வந்துச்சுன்னா, இந்த மீசைய எடுத்துடறேன்."

"உங்க வாயாலயா?"

"என் வாயாலதான்."

"வேற யாரு சொன்னாலும் சேராது?"

"சேராது."

"'குறை'ங்கிற வார்த்த உங்க வாயால வரணும்."

"வந்தா மீசை போச்சு."

"சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பினாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து இன்னொரு தடவை முறுக்கிக்கொண்டேன்.

வண்டி வந்தது. மயில் நீலம். குந்தவை ராசிக்கு நாலு சக்கரம் நல்லது என்று ஜோசியர் சொன்னதால் வண்டி அவள் பெயரில். டீசல் என் பெயரில். கோயில் வாசலில் பூசை போட்டு, மாலை சாத்தி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, ஊர் பார்க்க ஏறி உட்கார்ந்தேன். கம்பீரமாக ஹாரனை அழுத்தினேன்.

ஹாரன் அடித்தது. கூடவே வைப்பரும் எழுந்து ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் படுத்துக்கொண்டது.

பூசாரி வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை. இன்னொரு முறை அழுத்தினேன். இன்னொரு ஆட்டம். கண்ணாடியில் வைத்த சந்தனமும் குங்குமமும் அகலமாகத் தீற்றிக்கொண்டன.

பக்கத்து இருக்கையில் இருந்து குரல் வந்தது. "என்னங்க, ஹாரன் அடிச்சா வைப்பர் ஆடுது?"

"அது ஒரு வசதி."

"என்ன வசதி?"

"எதுக்கு ஹாரன் அடிக்கிறோம்? எதிர்ல ஆளு வர்றதால. ஆளு வந்தா கண்ணாடி துப்புரவா இருக்க வேணாமா? அதான் தொடச்சுக் குடுக்குது."

"அப்ப மழை பெஞ்சா ஹாரன் அடிச்சுக்கிட்டே போகணும்."

"போகலாம்."

"சரிங்க."

வண்டி வந்தபிறகு அதுதான் முதல் சரிங்க.

மறுநாள் ஏசியைப் போட்டேன். பாதி வழியில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலை மடக்கினாள்.

"கால்ல தண்ணி சொட்டுதுங்க."

"சுத்தமான தண்ணிதான்."

"அத்தான் வண்டியில வெளியிலதானே சொட்டுது?"

அத்தான் என்றதும் எனக்கு மூளை வேகமாக ஓடும். "மேட்டூர்ல தொறந்துவிட்டா நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி வந்து சேர எவ்வளவு நாளாகுது? நாமளும் காத்துக்கெடந்து பாக்குறோம். இங்க பாரு, சுவிட்சப் போட்டதும் கடைமடை வரைக்கும் வந்துருச்சு."

"கடைமடை என் காலுங்களா?"

"விவசாயி வீட்டுப் பொம்பள, தண்ணி வந்தா வேணாம்பியா?"

மறுநாளிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் காலடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீடு திரும்பியதும் அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள். செடி எக்கச்சக்கமாகத் தழைத்தது. ரசத்தில் கறிவேப்பிலை மிதக்கும்போதெல்லாம் எனக்குக் குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல இருக்கும்.

அடுத்தது நடு இருக்கை. அதில் யாரும் உட்காரவில்லை. ஆனால் பெல்ட் போடச் சொல்லி வண்டி கீ கீ என்று கத்தும். கும்பகோணம் போய்த் திரும்பும் வரை கத்தும்.

"யாரைங்க பெல்ட் போடச் சொல்லுது?"

"யாருமில்லாட்டியும் ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுது."

அவள் இறங்கிப் போய் ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து நடுவில் வைத்து பெல்ட்டைப் போட்டாள். கத்தல் நின்றது. அன்று முதல் நாங்கள் எங்கே போனாலும் மூன்று பேராகப் போனோம். கல்யாண வீட்டு வாசலில் ஒருவர் எட்டிப் பார்த்து, "திருஷ்டிக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய்யும் இல்லை. பட்ட கண்ணெல்லாம் என் மேல்தான் பட்டது.

பிறகு குடமுருட்டிப் பாலம். ஏற்றத்தில் வண்டி பாதி ஏறியது, யோசித்தது, மெதுவாக வந்த வழியே பின்னால் இறங்கியது. வாழைத்தார் கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். போகும்போது பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தார்.

"பிக்கப் வண்டின்னுதானே சொன்னாங்க?" என்றாள் குந்தவை.

"ஆமா."

"பிக்கப்பையே காணலீங்களே."

"எல்லாருக்கும் வழி விட்டுப் போற வண்டி. பெருந்தன்மை."

"சரிங்க."

உங்களிடம் சொல்கிறேன், அடக்கிவைத்த குறை அஜீரணத்தைவிட மோசம். நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு இறங்கவும் இறங்காது, ஏறவும் ஏறாது, அந்த வண்டி பாலத்தில் நின்றதைப் போலவே. கொல்லைப்பக்கம் போய் மாட்டிடம் கொஞ்சம் முனகிப் பார்த்தேன். மாடு எழுந்து வேறு பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. காலையில் கண்ணாடி முன் நின்று மீசையைச் சீவும்போது மட்டும் ஒரு தைரியம் வரும். உனக்காகத்தானடா இத்தனையும் என்று அதனிடம் சொல்லிக்கொள்வேன்.

அறுவடை வந்தது. சம்பா நன்றாகவே கண்டிருந்தது. களத்தில் காய வைத்து, ஈரம் பார்த்து, சாக்கில் பிடித்து, வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குக் கிளம்பினோம். நான், குந்தவை, பூசணிக்காய்.

சாலை வளைவில் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். இன்னொரு தொப். குந்தவை பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"என்னங்க, மூட்டை எறங்குது."

நிறுத்தி இறங்கி ஓடினேன். பின்கதவு தானாகத் திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று நான்கு மூட்டை சாலையில் விழுந்து பிளந்து, நெல் மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது. பெற்ற பிள்ளை கீழே விழுந்ததைப்போல இருந்தது. வாய் என்னை மீறித் திறந்துவிட்டது.

"கு..."

குந்தவை பக்கத்தில் வந்து நின்றாள். "கு?"

"கு... குவிச்சு வைக்கலாம்னு சொல்ல வந்தேன்."

"எதுக்குங்க?"

எங்கள் பக்கம் அறுவடைக் காலத்தில் சாலையில் பாதி வண்டிக்கு, பாதி நெல்லுக்கு. அந்தச் சாலை ஓரத்திலும் அங்கங்கே நெல் காய்ந்துகொண்டிருந்தது. என் கண்ணில் அது பட்டது.

"ஈரம் இருக்குமோன்னு ஒரு சந்தேகம். வெயில் நல்லா அடிக்குது. இங்கயே காயப்போட்டுடலாம்னு எறக்கினேன்."

"களத்துல காஞ்சு, ஈரம் பாத்துப் பிடிச்ச நெல்லுங்க."

"களத்து வெயில் வேற, ரோட்டு வெயில் வேற."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"சரிங்க. பாதி காஞ்சு பாதி காயாம இருந்தா நல்லாவா இருக்கும்? மத்ததையும் பிரிச்சுடலாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் வண்டியில் ஏறிவிட்டாள். ஒவ்வொரு மூட்டையாக வாயைப் பிரித்தாள். எல்லாவற்றையும் சாலையில் கொட்டிப் பரப்ப வைத்துவிட்டு, "சோறாக்கிட்டு வந்துடறேன், நீங்க கிளறிக்கிட்டு இருங்க" என்று அவ்வழியே வந்த மினிபஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

நான் வெறுங்காலால் காய்ந்த நெல்லைக் கிளறிக்கொண்டு நின்றேன். எதிர்ப்பக்கம் தன் நெல்லைக் காயவைத்துக்கொண்டிருந்த காளியம்மாள், எங்கள் தெருக்காரி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தாள். ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்தாள். டக்கென்று உடைந்தது.

"என்னண்ணே, காஞ்ச நெல்லுல்ல இது?"

"இன்னும் கொஞ்சம் காயட்டும்னுதான்."

"இதுக்கு மேல காஞ்சா பொரியாப் போயிரும். கொள்முதல்ல பொரி எடுப்பாங்களா?"

"உன் நெல்லப் போய்ப் பாரு காளியம்மா, மாடு வருது."

மத்தியானம் குந்தவை வந்தாள். ஒரு கையில் சோற்றுத் தூக்கு, ஒரு கையில் குடை. என்னை வண்டி நிழலில் உட்காரவைத்து மோர் ஊற்றிக் கொடுத்தாள். குடையை என் தலைக்கு மேல் பிடித்தபடியே, "மீசையெல்லாம் வேர்த்துப்போச்சு பாருங்க" என்று முந்தானையால் துடைத்துவிட்டாள். அப்புறம் தானும் இறங்கிக் குனிந்து நெல்லைக் கூட்டி அள்ள ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் பதிலுக்கு நாலு சொல்லி ஆறியிருப்பேன். வெயிலில் அவள் முகம் கன்றிப்போயிருந்ததைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. என் ஒரு பிடி மயிருக்காக இவள் இந்தப் பாடு படவேண்டுமா என்று இருந்தது. மீசையும் தப்ப வேண்டும், வண்டியும் சரியாக வேண்டும். அங்கேயே திட்டம் போட்டேன். தஞ்சாவூர் ஷோரூமுக்கு யாருக்கும் தெரியாமல் போய், உள்ளதையெல்லாம் கொட்டி, காதும் காதும் வைத்தாற்போல வண்டியைச் சரிசெய்துகொண்டு வந்துவிடுவது.

மறுநாள் காலை சொன்னேன். "பேராவூரணி வரைக்கும் போய்ட்டு வர்றேன். நல்ல தென்னங்கன்னு வந்திருக்காம்."

"இன்னிக்கு அஷ்டமிங்க. நாளைக்குப் போங்க."

"சரி."

"மன்னார்குடி வழியாத்தானே போறீங்க?"

"இல்ல, தஞ்சாவூர் வழியா. ரோடு நல்லாருக்கும்."

"சரிங்க. அப்ப வயிறு நெறையச் சாப்பிட்டுப் போங்க. நெறையப் பேச வேண்டியிருக்கும்."

"யாருகிட்ட?"

"தென்னங்கன்னு விக்கிறவங்ககிட்டதான்."

மறுநாள் பூசணிக்காயுடன் கிளம்பினேன்.

ஷோரூமில் வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் பெண் இர்ஃபானா. பக்கத்தில் கம்பெனி இன்ஜினியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மேசையில் அந்தப் பெண்ணின் கைப்பேசி கவிழ்த்து வைத்திருந்தது.

"வாங்க சார். பஞ்சநதம் சார்தானே? உட்காருங்க."

என் பெயர் எப்படித் தெரியும் என்று கேட்டிருக்க வேண்டும். மீசையைப் பார்த்து மரியாதை கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"வண்டி எப்படி சார் இருக்கு?"

அவ்வளவுதான். மதகைத் தூக்கிவிட்டாற்போல எனக்குள் அடைத்திருந்ததெல்லாம் வந்தது.

"ஏம்மா, ஒரு கம்ப்ளெய்ன்ட்டா, ரெண்டு கம்ப்ளெய்ன்ட்டா? ஹாரன் அடிச்சா வைப்பர் ஆடுது. ஊர்ல சின்னப் பசங்க எல்லாம் என்னைப் பாத்து ரெண்டு கையையும் ஆட்டுறாங்க. ஏசி என் பொண்டாட்டி காலுக்கு அபிஷேகம் பண்ணுது. ஆளில்லாத சீட்டு கத்துது, ஆளிருக்கிற சீட்டுல நான் கத்த முடியாம உட்காந்திருக்கேன். வெளியில பாருங்க, பெல்ட் போட்ட பூசணிக்கா இருக்கும். பாலத்துல ஏறுன்னா எறங்குது. பின்கதவு இருக்கே, அதான் பெரிய பிரச்சினை. அது பாட்டுக்குத் தொறந்து நெல்லையெல்லாம் ரோட்டுல கொட்டிருச்சு. காஞ்ச நெல்லக் காயப்போட்டு, நானும் காஞ்சு, என் வீட்டுக்காரியும் காஞ்சு, போதும்மா இந்தத் தொல்லை. அவ மொகம் கன்னிப்போனதப் பாத்தப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. இன்ஜினியர் தலையை ஆட்டினார். "போதும் சார். வேற வண்டி குடுத்துடலாம்."

"குடுத்துடலாமா? உடனேயா?"

இர்ஃபானா சிரித்தாள். "மேடம் ஏற்கெனவே எல்லாம் சொல்லிட்டாங்க சார். ஓட்டுறவர் நேர்ல வந்து இன்ஜினியர்கிட்ட சொன்னாத்தான் மாத்த முடியும்னு நாங்கதான் கேட்டோம். அவரா சொல்ல மாட்டாரு, சொல்ற மாதிரி அனுப்பி வைக்கிறேன்னாங்க."

"எந்த மேடம்?"

"ஓனர் மேடம்தான் சார். இன்ஜினியர் இன்னிக்குத்தான் வருவாருன்னும் சொல்லியிருந்தோம்."

முந்தினநாள் அஷ்டமி யாருக்காக என்பது எனக்கு அப்போது விளங்கியது. இர்ஃபானா கைப்பேசியைத் திருப்பி வைத்தாள். "லைன்லதான் இருக்காங்க. பேசுங்க சார்."

"என்னங்க" என்றது கைப்பேசி. "தென்னங்கன்னு நல்லா இருக்குங்களா?"

கைப்பேசி பக்கம் குனிந்தேன். "எப்பலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்க?"

"வைப்பர்லேர்ந்து. நல்லாச் சொன்னீங்க. நான் சொன்னப்ப பூசணிக்காய விட்டுட்டேன். வண்டிய அங்கயே விட்டுட்டு பஸ்ஸுல வாங்க. பாபநாசத்துல எறங்கித்தானே மாறணும்? அங்க சலூன் எல்லாம் தொறந்துதான் இருக்கும்."

பேச்சு மாறுகிறவன் இல்லை நான். பாபநாசத்தில் இறங்கினேன். சலூன்காரர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "நல்லா யோசிச்சுட்டீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கண்ணாடியில் எங்கள் சித்தப்பா மாதிரி யாரோ இருந்தார். வலங்கைமான் பஸ்ஸில் ஏறியபோது, தினம் அண்ணே அண்ணே என்று பேசும் கண்டக்டர், "எங்க சார் போகணும்?" என்று கேட்டார்.

வீட்டுக்குள் நுழைந்தேன். குந்தவை அடுப்படியிலிருந்து வந்து என்னை நின்று பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். முறுக்குவதற்குக் கை மேலே போய், ஒன்றும் அகப்படாமல் கீழே வந்தது.

"பஞ்சநதம் வாக்குக் குடுத்தா குடுத்ததுதான்" என்றேன். "என் வாயால குறைன்னு சொன்னேன். எடுத்துட்டேன்."

"எப்பங்க சொன்னீங்க?"

"ஷோரூம்லதான். நீ கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே?"

"கேட்டேங்க. காதத் தீட்டிக்கிட்டுத்தான் கேட்டேன். கம்ப்ளெய்ன்ட்டுன்னீங்க. பிரச்சினைன்னீங்க. தொல்லைன்னீங்க. 'குறை'ங்கிற வார்த்த ஒரு தடவகூட உங்க வாயால வரல."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு வார்த்தையாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

"அப்ப நான் தோக்கலையா?"

"நீங்கதாங்க ஜெயிச்சீங்க."

"அத போன்லயே சொல்லியிருக்கலாமே. சலூன் தொறந்திருக்கும்னு வேற சொன்னே?"

"தொறந்திருக்கும்னுதானே சொன்னேன். உள்ள போங்கன்னா சொன்னேன்?"

பக்கத்தில் வந்தாள். மீசை இருந்த இடத்தை விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தாள். சமைந்த பெண்ணைப் போல ஒரு சிரிப்பு வந்தது அவளுக்கு.

"கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து நான் வாயத் தொறந்து சொல்லாத குறை இந்த மீசை ஒண்ணுதாங்க."